பரந்தாமன் வாங்காத சிவப்பு வண்டி

பரந்தாமன் வேண்டாமென்று விட்ட கார், 1969 ஆவணி பதினோராம் தேதி காலை ஆறரை மணிக்கு, மெட்ராஸிலிருந்து தானாகவே புறப்பட்டுப் பொதட்டூர்பேட்டைக்கு வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே டிரைவர் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு மட்டும் திறந்திருந்தது. அன்று நூல் விலை ஏறியிருந்ததால் தெருவே அந்தப் பேச்சில் கிடந்தது. வண்டியைக் கவனித்தது அவர் மனைவி கமலா ஒருத்திதான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர் பரந்தாமனேதான். இருபத்துநான்கு பவர்லூம் ஓடி, லுங்கி பம்பாய் வரை போனதும், பம்பாய்க்கு ஒரே மூச்சில் காரில் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. மெட்ராஸில் ஒரு ஜமீன் வாரிசு இரண்டு வெளிநாட்டு வண்டிகளை விற்றார். இரண்டுமே தூர தேசப் பயணத்துக்கென்று செய்தவை. மூக்கு நீளம், கதவு இரண்டே. தந்த நிறத்து இங்கிலாந்து வண்டியில் தேக்கு போல மினுக்கும் மரப்பலகையும், உட்கார்ந்தால் எழ மனம் வராத தோல் சீட்டும் இருந்தன. சிவப்பு இத்தாலி வண்டிக்குப் பன்னிரண்டு சிலிண்டர். அது நின்றுகொண்டிருந்தாலும் ஓடுவது மாதிரியே இருக்கும். நாற்பது நாள் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. சொகுசா, வேகமா? கமலாவின் தம்பி எல்லப்பன் மெக்கானிக். அவன் காலையில் ஒன்றைச் சொன்னான், சாயங்காலம் மற்றதைச் சொன்னான்.

கடைசியில் திருத்தணி மலையேறிப் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் மடித்துச் சந்நிதியில் போட்டு, கமலா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். செவ்வரளி. பரந்தாமனின் முகம் சுண்டிவிட்டது. அந்த நிமிஷம் அவர் மனசெல்லாம் தோல் சீட்டில் இருந்தது.

"இன்னொரு வாட்டி எடு."

"வாணாங்க. சாமிகிட்ட ஒரு வாட்டிதான் கேக்கணும்."

"எடுன்னா எடேன்!"

எடுத்தாள். வெள்ளை வந்தது. அவர் இங்கிலாந்து வண்டியை வாங்கினார். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வாங்கிக்கொண்டு மலையிறங்கியவர்கள் அதற்குமுன் அந்தத் தாலுகாவில் யாரும் இல்லை.

வந்து நின்ற சிவப்பு வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள், மறுநாள் வந்தது. எல்லப்பன் பெட்ரோலை வடித்தான். பெட்ரோல் இல்லாமலே வந்தது. ஒருநாள் அவன் பிரேக்கைப் பார்க்கலாமென்று அந்தத் திறந்த கதவு வழியே ஏறி உட்கார, கதவு சாத்திக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. ஏழாம் நாள் திரும்பியபோது அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. இருபத்தாறு வயசு, பாவம்.

"எங்கடா போன?" என்று கமலா அழுதாள்.

"தெரிலக்கா. ரோடு முடியவே இல்ல. எனக்கு அந்த சீட்டு சேரல, அதான் எறக்கி உட்ருச்சு. அது பாவா அளவு, அக்கா."

பாவா என்று எல்லப்பன் சொன்னது அக்காள் புருஷனைத்தான். அன்றிலிருந்து ஒன்பது வருஷம், பரந்தாமன் எழுவதற்கு முன்னால் கமலா வாசலுக்குப் போய் அந்தக் கதவைச் சாத்தினாள். சாத்தினால் போய்விடும். வாசல் தெளிப்பது போல அதுவும் ஒரு வேலையாயிற்று. பள்ளிப்பட்டு பஸ்காரர்கள் அதற்கு வழிவிடப் பழகினார்கள். எல்லைச் சாவடியில் அதன் நம்பரை எழுதி, டிரைவர் என்ற இடத்தில் கோடு போட்டார்கள். பரந்தாமனுக்கோ, வாங்கிய வண்டி சலித்துப்போய் வாங்காததன் மேல் ஏக்கம் வளர்ந்தது. "ஒரு தபா உக்காந்து பாத்தா என்னா, கமலா?" என்பார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொள்வாள். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

1978 ஐப்பசியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்தபோது அவர் செருப்பு வாசலில், வண்டி வந்து நிற்கும் இடத்தில் கிடந்தது. ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார், கோயிலுக்குள் போகிறவர் மாதிரி.

தாலியை அவள் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை. மறுநாள் காலை வண்டி மறுபடி வந்தது. கமலா ஆத்திரத்தோடு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். சீட்டு சுருங்கி, அவள் அளவுக்கு இருந்தது. நிமிர்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல, "பொண்ணு கல்யாணம் முடியட்டும், வரேன்" என்றாள். வண்டி போய்விட்டது. நாலு வருஷத்துக்கு மேல் தலைகாட்டவில்லை.

மகள் பாஞ்சாலிக்கு 1983 தை மாதம் மலைமேல் கல்யாணம் நடந்தது. நான்காம் நாள் காலை வாசலில் சிவப்பு வண்டி நின்றது. கமலா தலை குளித்து, பட்டுச்சேலை கட்டி, அவருக்கு மாற்றுவேட்டி இரண்டு மடித்து எடுத்துக்கொண்டு ஏறினாள். "பாலுக்கு ஒறை ஊத்தி வெச்சிருக்கேன், பாத்துக்கோ" என்று மகளிடம் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியூர் போனவர்களுக்குப் பின்னால் உடனே வாசலைப் பெருக்கக்கூடாது என்பதால், பாஞ்சாலி அரைமணி நேரம் கழித்தே துடைப்பத்தை எடுத்தாள்.