கைவண்டி இழுத்த பெண்கள்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் யாமினி போகும் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சம்பளப் போதகர் கிடையாது, கண்ணுகளா. சபையார்தான் முறைவைத்துப் பேச வேண்டும். இந்த ஞாயிறு அவள் முறை. நூற்றெழுபது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் புது ஊரில் குடியேறக் கைவண்டி இழுத்துப் பனிமலை கடந்த அந்தச் சபைப் பெண்களைப் பற்றிப் பேச வேண்டும். அவர்கள் என்றால் அவளுக்கு உயிர்.

"அவங்க மலையே தாண்டினாங்க. உனக்கு மைக்கைப் பாத்தாலே உதறுது," என்று சீண்டினான் கணவன் உதய்.

"சும்மா இரு உதய், எழுதினதை இன்னொரு தடவை படிக்கணும்."

ஞாயிறன்று மேடையேறிக் காகிதத்தைப் பிரித்தாள். 'அவர்கள் எதற்கும் அஞ்சவில்லை' என்று ஜெர்மனில் எழுதி வைத்திருந்தாள். அந்த வரி வாயில் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"நான் எழுதியது தப்பு," என்றாள் கடைசியில். "பிள்ளையை வண்டியில் போட்டுப் பனியில் நடந்தவளுக்குப் பயம் இல்லாமலா இருந்திருக்கும்? பயந்துகொண்டேதான் இழுத்திருப்பாள்."

மீதியையும் குரல் நடுங்க நடுங்கவே பேசி முடித்தாள்.