‘விரைவில்’ என்று மட்டும் போட்டிருந்தது

1

இது எனக்குத் தோன்றிய கதையல்ல. எங்கள் மாடியில் குடியிருக்கும் அமீர் நிஷா, கரண்ட் வரட்டும் என்று காத்திருந்த ஒரு பகலில் சொன்னது. “எழுதுங்கக்கா. ஆனா என்னைய அழுவுறவளா எழுதிடாதீங்க.”

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘துபாயில் கணவன், காரைக்காலில் மனைவி, நடுவே கடல்...’ அடித்துவிட்டேன். அவர்களுக்கு நடுவே இருந்தது ஒரு கணினி விளையாட்டு.

2

2008. நிஷாவின் கணவர் பீர் மைதீன் துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இருவரும் அவரவர் கணினி முன் உட்காருவார்கள். துறைமுகம் கட்டி, கப்பல் விட்டு, நாடு பிடிக்கிற விளையாட்டு. (பெயரை மாற்றி ‘கடலாட்சி’ என்று வைக்கிறேன்.) அவர் படை நடத்துவார், இவள் மரமும் தானியமும் சேர்த்துக் கொடுப்பாள். மைக்கில் போரும் குடும்பமும் கலந்தே ஓடும்.

அந்த விளையாட்டுக்குப் புதுப் பகுதிகள் சேர்த்து ஒரு விரிவாக்கம் ‘இந்த ஆண்டு இறுதிக்குள்’ வரும் என்று அதைச் செய்தவர்கள் அறிவித்தார்கள். கூடவே ஒரு படம்: பனிமூட்டத்தில் ஒரு பாய்மரம். ஆடுகிறவர்கள் இணையத்தில் கூடி ஒவ்வொரு சொல்லையும் பிரித்து மேய்ந்தார்கள்.

“அது நம்ம பக்கத்துத் தோணிதான்” என்று பீர் மைதீன் அடித்துச் சொன்னார்.

“மூட்டத்துல எல்லாக் கப்பலும் நம்ம கப்பலாத்தான் தெரியும் மச்சான்.”

3

ஐப்பசி மழையில் அடுத்த அறிவிப்பு வந்தது.

“பாத்தியா, புதுசா மூணு கப்பல்!”

“மச்சான், போன தடவ ‘இந்த ஆண்டு இறுதிக்குள்’னு இருந்துச்சு. இப்ப ‘விரைவில்’னு மட்டும் போட்டிருக்கான். அங்க என்னமோ சிக்கல்.”

“விரைவில்னா விரைவில்தான் புள்ள.”

அப்போது அவளுக்கு நெஞ்சில் இடி— (இல்லை, அவள் அப்படிச் சொல்லவில்லை. மவுஸ் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது என்றுதான் சொன்னாள்.) ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கொஞ்ச நாளாக ‘சீக்கிரம் வந்துடுவேன்’ என்று மட்டுமே சொல்கிறார்.

“மச்சான், வேலைக்குப் போறீங்களா?”

திரையில் அவருடைய படை நகரவில்லை. எதிரிகள் வந்து துறைமுகத்தைக் கொளுத்தினார்கள். இருவரும் தடுக்கவில்லை.

“நிறுத்திட்டாங்க புள்ள. நம்மூரு காதர் பாட்சா ரூமுலதான் இருக்கேன். வேற வேலை கெடச்சதும் சொல்லலாம்னு...”

“தனியா இத வச்சுக்கிட்டு எங்கூட வெளையாடிக்கிட்டு இருந்தீங்களா?”

“அந்த நேரம் மட்டுந்தான் எல்லாம் சரியா இருந்துச்சு.”

அவள் அழவில்லை. (வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் நிஜமாகவே அழவில்லை.) “வந்துடுங்க. சீக்கிரம்னு சொல்லாதீங்க, தேதி சொல்லுங்க” என்றாள்.

4

கதைக்கு நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவருக்கு அங்கேயே புது வேலை வாங்கிக் கொடுத்தேன். படித்துக் காட்டியபோது நிஷா சிரித்தாள். நடந்தது இதுதான்: அவர் தேதி சொன்னார், அந்தத் தேதியில் வந்தார். பெருநாள் பிரியாணி எங்கள் வீட்டுக்கும் வந்தது. விரிவாக்கம்தான் வரவில்லை.

இங்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் போன வாரம் துபாயிலிருந்து வேறொரு நிறுவனம் அவரை அழைத்திருக்கிறது. ‘குறுகிய காலப் பணி’ என்கிறது மின்னஞ்சல். அதை நிஷா முன்னால் திறந்து வைத்துவிட்டு, “நீயே படிச்சுச் சொல்லு புள்ள. நான் படிச்சா நல்லது மட்டுந்தான் தெரியுது” என்றாராம்.

நிஷா இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பதிலாக நான் சொல்லமாட்டேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்களும் படித்துப் பாருங்கள். ‘குறுகிய’ என்றால் எவ்வளவு?