சுவருக்கு அப்பாலிருந்து வராத பதில்

காரைக்குடியில் ஒரு சின்ன கிளினிக்கின் பின் அறையில் ராஜப்ரியா ரத்தப் பரிசோதனை பார்த்துவந்தாள். டாக்டர் இருப்பது முன்பக்கம். அவர் அறை வாசலில் பழைய லேசர் பிரிண்டர் ஒன்று இருந்தது. சுவரில் துளையிட்டு இழுத்த தடித்த கேபிள் வழியாக ரிப்போர்ட் அங்கே போய் அச்சாகும். தாள் தீர்ந்தால் அதே கேபிளில் பிரிண்டர் திருப்பிச் சொல்லும். அவள் திரையில் எழுத்து வரும். அதை நம்பி, இருந்த இடத்தை விட்டு எழாமல் வேலை பார்த்துப் பழகிவிட்டாள்.

போன வாரம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய கேபிளைச் செருக அதில் இடமில்லை. சர்வீஸ்கார ஸ்ரீதர் நடுவே ஒரு கன்வெர்ட்டரை மாட்டினான்.

"பிரிண்ட் போகும்க்கா. ஆனா அங்குட்டிருந்து எந்தத் தகவலும் திரும்பி வராது."

"சரிப்பா" என்றாள். ரத்தம் கொடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அத்தோடு மறந்தும் போனாள்.

இன்று காலை புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் சோணை வந்திருந்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர். ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது. எந்த நேரமும் இதயம் நின்றுபோகலாம். ராஜப்ரியா இரண்டாம் முறையும் சோதித்துவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பினாள். கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேர்ந்ததுமே அச்சாகிவிட்டதாகத் திரை சொன்னது. டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று அடுத்த குழாயைக் கையிலெடுத்தாள்.

மதியம் முன்பக்கம் போனவள் பிரிண்டரில் ஆரஞ்சு விளக்கு மினுக்குவதைப் பார்த்தாள். தாள் தட்டு காலி. அவசரமாகத் தாள் வைத்ததும் பிரிண்டர் உறுமிக்கொண்டு, அதுவரை உள்ளே பிடித்துவைத்திருந்தவற்றில் முதலில் சோணையின் ரிப்போர்ட்டைத் தள்ளியது.

"அவுகளா? ரிப்போர்ட் வரலை, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேனே" என்றாள் வரவேற்பில் இருந்த தேனம்மை. டாக்டரும் கிளம்பியிருந்தார்.

சோணையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ராஜப்ரியா ஸ்கூட்டரை எடுத்தாள். புதுவயல் ரோடு முழுக்க நெல் லாரிகள். காலையிலேயே டாக்டரிடம் ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாமே என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை.

மில் வாசலில் சோணை கால் மரத்துப்போய்ச் சாய்ந்து கிடந்தார். மனைவி பொன்னுத்தாயி இளநீரை அவர் வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

"வேண்டாம், அதைக் குடுக்காதீக. ரத்தத்துல ஏறிக்கெடக்குற அதே பொட்டாசியம் இளநியிலயும் இருக்கு, இப்ப அது அவுகளுக்கு விஷம்."

மில் வேனிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, டயாலிசிஸுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உயிருக்கு உத்தரவாதம் சொல்ல டாக்டர்கள் தயாராக இல்லை. சாயங்காலம் ஒருவர் வெளியே வந்து, "பிழைச்சுக்கிட்டார். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இதயத்துக்கு இவ்வளவு பாதிப்பு இருந்திருக்காது. இனிமே மூட்டை தூக்க முடியாது" என்றார்.

பொன்னுத்தாயி ராஜப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேடி வந்து காப்பாத்துனீகளே, தாயி."

அந்தக் கைச்சூட்டை ராஜப்ரியாவால் தாங்க முடியவில்லை. "இல்லைக்கா. காலையிலயே எனக்குத் தெரியும். பிரிண்டர்ல தாள் இல்லை. ரிப்போர்ட் போய்ச் சேந்துச்சான்னு எந்திரிச்சு வந்து பாக்காம இருந்துட்டேன்."

பொன்னுத்தாயிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு பிடி மெல்லத் தளர்ந்தது. எழுந்து, கதவோரத்து நாற்காலியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜப்ரியா அங்கிருந்து போகவுமில்லை, பக்கத்தில் செல்லவுமில்லை.