கிரெய்க்பர்னில் சொன்ன பொய்

கூட்டத்தில் பேசுவதற்காக எஃபி ராங்கின் நிலக்கரி வண்டியின் மேல் ஏறி நின்றாள். டண்டீ நகரத்துச் சணல் ஆலையில் தறி ஓட்டியவள் அவள். இப்போது சோஷலிஸ்டுகளின் வாரப் பத்திரிகையில் எழுதுகிறாள், ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாள். எத்தனை கூட்டம் பார்த்தும் பயம் மட்டும் விட்டபாடில்லை. இன்று அதற்குக் காரணமும் இருந்தது.

இந்தக் கிரெய்க்பர்ன் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து ராப் மெய்க்கிள் செத்துப்போயிருந்தான். முட்டுக்கொடுக்க மரம் கேட்டும் தரவில்லை என்று அவன் மனைவி ஜீனி அழுதுகொண்டே சொன்னதை, ஜீனியின் பெயரும் போட்டு எழுதிவிட்டாள் எஃபி. அது அச்சான வாரமே, கம்பெனி வீட்டைக் காலிசெய் என்று சுரங்கக் கம்பெனி ஆள் ஜீனியின் கதவைத் தட்டியிருக்கிறான். இன்று ரயிலைவிட்டு இறங்கிய பிறகுதான் எஃபிக்கு இந்தச் சேதியே தெரியும்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம இங்க என்ன பிரசங்கம்?" என்று ஒருவன் கத்தினான்.

"எந்தப் பாதிரி இவளை உள்ள விடுவாரு!" என்றான் இன்னொருவன். சிரிப்பு எழுந்தது. மண்கட்டி ஒன்று அவள் தோளில் பட்டு உதிர்ந்தது.

திடீரென்று கூட்டம் அடங்கி வழிவிட்டது. சுரங்க மேனேஜர் பர்டி வந்துகொண்டிருந்தார். பக்கத்தில், சால்வைக்குள் குழந்தையோடு ஜீனி.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு ஜீனி. இந்தம்மா எழுதினது நீ சொன்னதா?"

ஜீனியின் உதடு வெளுத்திருந்தது. "இல்லைங்க. நான் ஒண்ணும் சொல்லல. மரமெல்லாம் குடுத்தாங்க."

"என்ன ஜீனி பேசுற? நான் பக்கத்துல நின்னேனே..." என்று ஆரம்பித்த வயதான சுரங்கத் தொழிலாளி ஆர்ச்சி டன்லப், பர்டி திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்.

எஃபி யோசித்தாள். உண்மையைச் சொன்னால் இந்த ஆண்கள் நம்புவார்கள். ஆனால் ஜீனியும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். பொய் சொன்னால் இனி தன் எழுத்தை எவன் அச்சடிப்பான்?

"அவங்க சொல்லல," என்றாள். "நானா எழுதினேன்."

"பொய்க்காரி!" மண்கட்டிகள் பறந்தன. தொப்பி எங்கோ போய் விழுந்தது. எப்படிக் கீழே இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். அடுத்து வருவது கல்தான், பின்மண்டையில்தான் என்று உடம்பு ஒவ்வொரு அடிக்கும் கூசியது. பின்னால் கனத்த பூட்ஸ் சத்தம். ஒருவரல்ல, பலர். ஓடினால் துரத்துவார்கள், ஓடாமல் நடந்தாள்.

"திரும்பாம நடம்மா," என்றது ஆர்ச்சியின் குரல். "கல்லு எதுவும் உம்மேல படாது. பின்னால வர்றது நாங்கதான்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"அவளுக்கு வீடு வேணும்ல?"

ரயில் நகரும்வரை ஆர்ச்சியும் கூட வந்தவர்களும் நடைமேடையிலேயே நின்றார்கள்.

பத்திரிகை கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்டது. எஃபி மறுபடி தறிக்கே போனாள். ஜீனியை வீட்டிலிருந்து யாரும் வெளியேற்றவில்லை. ஆனால் ஆர்ச்சியும் கூட்டாளிகளும், மரம் வந்து இறங்கும்வரை சுரங்கத்துக்குள் போகமாட்டோம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்ச்சிக்கு வேலை போயிற்று. மரம் வந்தது.