எட்டுச் சிங்கி இறாலும் கூட இரண்டும்

சென்னீர்குப்பத்தில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கும் தட்சிணாமூர்த்தியின் எடை அறுபத்தெட்டு கிலோ. வீட்டுக்கு விருந்தாளி வருவதாக இருந்தால் முந்தின நாள் விடியற்காலையிலேயே அவர் எடை ஏறிவிடும். வரப்போகிறவர்கள் எவ்வளவு சாப்பிடப் போகிறார்களோ அவ்வளவு ஏறும், கிராம் பிசகாது. சோறு, ரசம், அப்பளம் எல்லாம் இதில் சேர்த்தியில்லை. அன்றைய விருந்தில் எது குறைந்தால் மானம் போகுமோ, அந்த ஒரு பதார்த்தத்தின் கனம் மட்டும் அவர் மேல் வந்து உட்காரும். மறுநாள் விருந்தாளிகள் சாப்பிடச் சாப்பிட இறங்கி, கடைசி ஆள் கை கழுவும்போது பழையபடி அறுபத்தெட்டில் நிற்கும். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் அளவு சரிபார்க்கிற பிரிவில் இருந்த மனிதர் என்பதால் அவருக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. எடை மெஷினில் ஏறி நிற்பார், எண்ணைச் சொல்வார், மனைவி கோமளா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாள்.

இது பிறவியிலேயே வந்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த மறுநாள், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கறி விருந்து போட்டார்கள். கோமளாவின் ஒரே தங்கை பத்மா, ஆவடியிலிருந்து தன் மாமியார் வீட்டு ஆட்கள் ஏழு பேரை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் பந்திக்கு வரும்போது எறா தொக்கு தீர்ந்துவிட்டது. பத்மாவின் மாமியார் வெறும் ரசத்தைப் பிசைந்துகொண்டு, "பரவால்லம்மா, எனக்கு இது போதும்" என்றார். அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூட விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். பத்மா பாதியில் எழுந்து இலையை மடித்தாள். "என் ஊட்டு ஆளுங்கன்னா உனக்கு அவ்ளோ எளப்பமாக்கா? இனிமே இந்த ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். ஆவடி என்ன சீமையா, பஸ்ஸில் அரை மணி நேரம். ஒன்பது வருஷம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் யாரோ ஒரு பழைய நண்பர் சாப்பிட வருவதாகச் சொன்னபோதுதான் தட்சிணாமூர்த்தி முதன்முதலாகக் கால் கிலோ ஏறினார்.

அதன்பிறகு அந்த வீட்டில் எதுவும் குறைந்ததுமில்லை, மீந்ததுமில்லை. குமணன்சாவடியில் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் பாபு இதைக் கேள்விப்பட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையில் தங்கள் நல்வரவை விரும்பும் பெயர்களோடு தட்சிணாமூர்த்தியின் பெயரையும் சேர்த்து அச்சடித்துவிட்டான். நானூறு பேர் பிரியாணி. மறுநாள் விடிந்தபோது அவர் நூற்று எண்பத்தொரு கிலோ. கட்டில் கால் உடைந்தது, சர்வீஸ் ரோட்டில் புதிதாகப் போட்டிருந்த தாரில் அவர் நடந்த தடம் பதிந்துவிட்டது. மழைக்காலத்தில் இப்போதும் அதில் தண்ணீர் நிற்கும், மாடுகள் குடிக்கும். அதோடு கோமளா, "இனிமே நம்ம ஊட்டு விருந்துக்கு மட்டுந்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

இந்த வருஷம் தை மாதம் பத்மாவின் மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் பத்மா அக்காவுக்கும் மற்றவர்களைப் போலவே சந்தனம் எடுத்து நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. புதுமணத் தம்பதியை விருந்துக்குக் கூப்பிடுவது பெரியம்மா முறை. கோமளா கூப்பிட்டாள். கார்த்திகா போனில் ஆட்களைச் சொன்னாள்: அவள், கணவன் கோகுல்நாத், அவனுடைய அப்பா, அம்மா, தங்கை, பிறகு கார்த்திகாவின் அப்பா இராமகிருஷ்ணன். ஆக ஆறு பேர். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிக்காரர்கள், சிங்கி இறால் என்றால் உயிர் என்றும் சொன்னாள். கோமளா, "அம்மா?" என்றாள். "வரலையாம் பெரிம்மா" என்று பதில் வந்தது. கோமளா இராமகிருஷ்ணனுக்கு வாழைக்காய் பொரியல் பிடிக்குமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை மெஷின் அறுபத்தொன்பது கிலோ இருநூறு காட்டியது. ஆறு பேருக்கு ஒரு கிலோ இருநூறு கிராம் சதை, ஆளுக்கு இருநூறு, நியாயமான கணக்கு. எட்டு மணிக்குத் தட்சிணாமூர்த்தி பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பிரம்பு நாற்காலி முனகியது. ஏறி நின்று பார்த்தார். அறுபத்தொன்பது நானூறு. கோமளா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருநூறு இறங்கியது. ஒன்பதரைக்கு மறுபடி ஏறியது, பத்துக்கு இறங்கியது. ஆவடியில் பத்மா பீரோவைத் திறந்து புடவை எடுப்பதும் திரும்ப வைப்பதும் கோமளாவுக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவள் அன்றைக்குக் கீரை ஆயவில்லை, டிவி போடவில்லை. கணவரை மெஷின் மேலேயே நிற்க வைத்து எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ தூண்களுக்கு நடுவே வெயில் மெதுவாக நகர்ந்தது. மனிதர் மூச்சு விடுவதுபோல எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை நானூறைத் தொட்டு, இருநூறுக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டது. "முடிவு பண்ணிட்டா" என்றாள் கோமளா. ஸ்டூலை எடுத்துப் போய் உள்ளே வைத்தாள்.

ஞாயிறு காலை பூந்தமல்லியில் அங்கம்மாவின் மீன் கடைக்கு இருவரும் போனார்கள். காசிமேட்டிலிருந்து வந்த சிங்கி இறால்கள் நீலத் தொட்டியில் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. கோமளா கடைசி நம்பிக்கையாகக் கணவரை அங்கம்மாவின் தரைத் தராசில் ஏறச் சொன்னாள்.

"இன்னாம்மா, சாரையும் வெட்டிக் குடுக்கணுமா?" என்றாள் அங்கம்மா. "வயசான மீனு, வேகாது."

அறுபத்தொன்பது இருநூறு.

"ஒரு கிலோ இருநூறு சதை வேணும்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"சதைன்னா தனியா நீந்திகினா கீது? மூணு பங்குல ஒரு பங்குதான் சதை சார், மிச்சமெல்லாம் தலையும் ஓடும். மூணு கிலோ அறுநூறு எடு. ஒண்ணொண்ணும் நானூத்தம்பது வருது. எட்டு."

"எட்டு போடு."

"பத்து போடு" என்றாள் கோமளா.

தட்சிணாமூர்த்தி தராசிலிருந்து இறங்கவில்லை. "கோமளா, கணக்கு எட்டுதான். ஒம்போது வருஷத்துல ஒரு துண்டு மீந்திருக்கா? அவ வரலை. என் மேல ஏறலையே."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா சாப்பிட மாட்டா. ரெண்டும் வீணாப் போகும்."

"போவட்டும். கூடப் பொறந்தவளுக்கு எடை போட்டா வாங்குவாங்க?"

அங்கம்மா ஒன்பதாவதையும் பத்தாவதையும் மீசையைப் பிடித்துத் தூக்கிப் பையில் போட்டாள். முப்பத்திரண்டு வருஷம் அளவு பார்த்தவர் பத்துக்கும் காசைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கார் வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். ஏழாவதாகப் பத்மா இறங்கினாள், கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு. வாசலிலேயே, "சம்பந்தி ஊட்டுக்காரங்க தப்பா நெனப்பாங்கன்னு வந்தேன். எனக்குத் தயிர் சோறு கீது" என்றாள். தராசு சொன்னது பொய்யில்லை. வரமாட்டாள் என்று அது எப்போதும் சொல்லவில்லை, சாப்பிட மாட்டாள் என்றுதான் சொன்னது. பத்மா சோபாவின் ஓரத்தில் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மிளகு போட்டுப் பிரட்டிய சிங்கி இறாலை கோகுல்நாத் ஓட்டைப் பிளந்து உறிஞ்சிய சத்தம் தெருவரை கேட்டது. தட்சிணாமூர்த்தி மூலையில் மெஷின் மேல் நின்றபடி இறங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாக, "உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று விசாரித்தார். எல்லாரும் கை கழுவியபோது முள் சரியாக அறுபத்தெட்டில் நின்றது. சட்டியில் இரண்டு சிங்கி இறால் இருந்தன.

கோமளா சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பத்மாவின் எதிரில் தரையில் வைத்தாள்.

"பாரு. மீந்துகீது."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"உனக்குதான் வாங்குனேன்."

"நான் துன்ன மாட்டேன்னு தெரியும்ல? ஊரே சொல்லுதே, மாமா எடையில வந்தேனா நான்?"

"வரலை."

"அப்புறம் எதுக்கு வாங்குன?"

கோமளா தரையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து ஓட்டைப் பிளக்கப் பார்த்தாள். ஓடு நொறுங்கிச் சதையோடு கலந்தது. பத்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். "ஐயே, இப்படியா உரிப்பாங்க? ஒடம்புக்கு நடுவால கீறணும். குடு இங்க" என்று டிபன் பாக்ஸை சோபாவில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். வெடுக்கென்று பிடுங்கினாள். கீறினாள். வெள்ளையாகச் சதை முழுசாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அக்காவைத் திட்டினாள். மாமியார் செத்ததற்கு வந்து கூடத்தில் நின்றுவிட்டுப் போனதை, கார்த்திகாவின் சடங்குக்குப் புடவையை ஆள் மூலம் கொடுத்தனுப்பியதை, எல்லாவற்றையும். திட்டிக்கொண்டே ஒரு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டாள். "மொளகு ஜாஸ்தி" என்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். கோமளா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததை உரிக்கக் கொடுத்தாள்.

மூலையில் மெஷின் அறுபத்தேழு தொள்ளாயிரம் காட்டியது. பிறகு அறுபத்தேழு எழுநூறு. ஏறாத கனம் இறங்குவது இதுவே முதல் தடவை என்பதால் தட்சிணாமூர்த்தி மெஷினைத் தட்டிப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பத்மா சொல்லாமல் வந்தாள், மத்தி மீன் குழம்பு சாப்பிட்டாள். அதற்கடுத்ததும் வந்தாள். சொல்லாமல் வருகிறவளின் பசி முந்தின நாள் ஏறுவதற்கு வழியில்லை. சாப்பிட்டது மட்டும் இறங்கத்தான் செய்தது. ஆடி மாதம் தட்சிணாமூர்த்தி அறுபத்துமூன்று கிலோவுக்கு வந்துவிட்டார். ஃபேனை ஐந்தில் வைத்தால் லேசாக நகர்ந்தார். பூந்தமல்லி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். கோமளா யோசித்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு மட்டும் இரண்டு இட்லி கூடுதலாக வைக்கிறாள்.