அஞ்சலிப் பலகை

பூரணி கொல்லைக் கதவைத் திறந்தபோது ரஷீத் பாய், அப்பா கடைசியாக வரைந்த படத்தின்மேல் முக்கால்வாசி வெள்ளையடித்திருந்தார். அப்பாவின் உடலைக் குளிப்பாட்ட அடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

"யாரு பாய் இத எடுக்கச் சொன்னது?"

"உங்க பெரியப்பாதாம்மா. தெருமுனைல கண்ணீர் அஞ்சலி போர்டு வெக்கணுமாம். வேற பலகை இல்ல."

ஆம்பூரில் சினிமா பேனர் எழுதுகிறவர்களுக்கு இதில் தப்பே தெரியாது. படம் மாறினால் பழைய முகத்தின்மேல் வெள்ளை, அதன்மேல் புது முகம். குடியாத்தத்தில் லுங்கிக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த அப்பாவை எழுபத்திரண்டாம் வருஷம் இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்ததே ரஷீத்தான். லுங்கிக் கட்டம் பழகிய கை, சின்ன போட்டோவைக் கட்டம்போட்டுப் பெரிதாக்குவதைச் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. ரோஸ் கன்னமும் நீல நிழலும் ரஷீத்தைப் பார்த்து வந்தவை.

பிறகு அந்த ரோஸே அப்பாவுக்குப் பிடிக்காமல் போனது. தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போய் உட்கார்ந்தார். சுண்ணாம்புத் தொட்டிக்குள் நிற்கிறவர்களை வெறும் பழுப்பில் வரைந்தார். பெரியப்பா கனகராஜ் அதைச் சாக்கடைப் படம் என்பார். வரைந்ததையெல்லாம் திருப்தியில்லாமல் அப்பாவே வெள்ளையடித்து அழித்தார். இந்த ஒன்றை மட்டும்தான், போன வாரம், இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்.

பெரியப்பா சத்தம் கேட்டு வந்தார். செத்த வீட்டில் பலகைக்காகச் சண்டையா என்றார்.

"நாலு பேரு பாக்கறாப்பல அவன் மூஞ்சி இருக்க வேணாமா?"

"அவரு உயிரோட இருந்தப்போ ஒரு படத்தயாவது நின்னு பாத்தீங்களா? இப்ப ஊரு பாக்கணுமா?"

பூரணி துணியை டர்பன்டைனில் முக்கி, வெள்ளையை எடுக்கப் பலகையைத் தேய்த்தாள்.

"வேணாம்மா. அடில இருக்கறதே இன்னும் காயல," என்றார் ரஷீத்.

அவள் கேட்கவில்லை. வெள்ளையோடு பழுப்பும் கரைந்து வந்தது. நிறுத்தியிருக்கலாம், கோபம் விடவில்லை. கடைசியில் வெறும் பலகைதான் மிஞ்சியது. ரஷீத் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார் பெரியப்பா. பூரணி கழுவாமலே போய் அரிசியை அள்ளினாள். அப்பாவின் வாயருகே விரல்களைப் பிரித்தாள். கொஞ்சம் அரிசி விழுந்தது. மீதி பழுப்புப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு விரல்களிலேயே இருந்தது.