தலைவருக்குப் போட்ட காற்று

அன்று காலையிலேயே கஜனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியூட்டர் சூடேறாமல் இருக்க உள்ளே பூட்டுகிற, ஃபான் வைத்த இரண்டு ஹீட்சிங்கில் எது நல்லது என்று பார்க்க ஒரு சோதனை, அவ்வளவுதான். அதைப் பார்க்கச் சங்கத் தலைவர் வருகிறாராம் என்று கதிரையைத் துடைக்கிறார்கள், குளிர்ச்சோடா வாங்க ஆள் அனுப்புகிறார்கள். அந்தக் கம்பியூட்டரோடு நாள் முழுக்க மாரடிக்கிறவளிடம் உனக்கு எது வசதி என்று ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம், தகரக் கூரை போட்ட அந்த மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் அவள் ஆறு வருடமாகக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். காணிப் பிரச்சினை, உதவிப் பணம், பொலிஸ் முறைப்பாடு என்று நெடுங்கேணியில் இருந்தும் சனம் பஸ் ஏறி வரும். பதினாலு வயதில் ஒரு ஷெல் அவளுடைய இரண்டு கண்ணையும் இடது காதையும் கொண்டுபோய்விட்டது. மிச்சம் வலது காது ஒன்று. வந்தவர் சொல்வதையும் அந்தக் காதால்தான் கேட்க வேண்டும், தான் தட்டியதைக் கம்பியூட்டர் வாசித்துச் சொல்வதையும் அதே காதால்தான் கேட்க வேண்டும். ஹெட்செட்டைப் போட்டால் முன்னால் இருக்கிற ஆளின் குரல் போய்விடும்.

பழைய ஹீட்சிங்க் இந்தச் செம்மண் தூசியில் அடைத்து, கம்பியூட்டர் சூடேறிச் சூடேறி நின்றுபோனது. கனடாவில் இருக்கிற ஒரு நல்ல மனிசன் புதுசு ஒன்று அனுப்பினார். ஆளைக் குறை சொல்ல முடியாது, அங்கே ஒரு கண் தெரியாதவள் இருந்து வேலை செய்கிறாள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? உதவி கேட்டுக் கடிதம் போட்டவர் தலைவர். வந்த சாமானில் சின்ன ஃபான் ஒன்று, அதைச் சுற்றி நீலம், சிவப்பு, பச்சை என்று மாறி மாறி லைட் எரியுமாம். எல்லாரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். கஜனிக்குக் கிடைத்தது இரைச்சல் மட்டும். நெல்லு மில்லுக்குள் கதிரை போட்டு இருத்திய மாதிரி இருந்தது அவளுக்கு.

இரைச்சலைக்கூடப் பொறுத்திருப்பாள். புனிதமக்காவுக்கு நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்த மனிசி. மருமகன் மகளைப் போட்டு அடிக்கிறான் என்று ஒரு முறைப்பாடு எழுத வேண்டும். மெல்லமாகத்தான் சொல்லத் தொடங்கினா. கஜனி கேட்கவில்லை என்றாள். இன்னொரு தரம் சொன்னா, அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் அந்த மனிசி கத்திச் சொன்னா. விறாந்தையில் வரிசையில் இருந்த அத்தனை பேரும் கதையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். புனிதமக்கா எழும்பிப் போனவதான், திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் கஜனி தலைவரிடம் போய் நின்றாள். பக்கத்தில் கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கும் நிரோஜன், பெரிய ஃபான் மெதுவாகச் சுற்றுகிற வேறொரு ஹீட்சிங்க் தருகிறேன் என்றிருந்தான். தலைவர் சிவராசா தொண்டையைச் செருமினார்.

“வெளிநாட்டுக்காரர் தந்த சாமானைச் சும்மா கழட்டேலாது பிள்ளை. ரெண்டையும் வைச்சுச் சோதிப்பம். அவை தந்தது சரியெண்டு வந்தால் அதுதான். பிறகும் உமக்கு ஏலாதெண்டால், அந்தக் கதிரைக்குக் கண் தெரிஞ்ச பிள்ளை ஒண்டை எடுக்கவேண்டி வரும்.”

அந்தக் கதிரைக்கு யதுர்ஷிகா என்று ஒரு பெயர்கூடச் சங்கத்துக்குள் அடிபடத் தொடங்கியிருந்தது. யார் எவர் என்று ஒருவருக்கும் தெரியாது.

சோதனை பத்து மணிக்குத் தொடங்கியது. நிரோஜன் தன்னுடைய ஹீட்சிங்கைப் பூட்டி, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து வைத்து, அரை மணித்தியாலம் பாரமான வேலை கொடுத்து ஓடவிட்டான். சத்தத்தை அளக்கக் கைத்தொலைபேசியில் ஒரு செயலி. பிறகு அதைக் கழற்றி, கனடாச் சாமானைப் பூட்டி, அதே அரை மணித்தியாலம்.

“முதலாவது அறுபத்தேழு பாகை, அறுபத்தொரு டெசிபல். ரெண்டாவது அறுபத்தெட்டு பாகை, அறுபத்திரண்டு டெசிபல்,” என்றான். அவனுடைய குரலிலேயே நம்பிக்கை இல்லை.

“அப்ப ரெண்டும் ஒண்டுதானே,” தலைவர் சோடாவை உறிஞ்சினார். “இதுக்குப் போய் இவ்வளவு கதை.”

கஜனிக்கு இது பிடிபடவில்லை. தினமும் தன் காதைத் தின்கிற இரைச்சல் எப்படி ஒரேயொரு டெசிபலுக்குள் ஒளிந்துகொள்ளும்? வலது கையை மேசையில் வைத்தவளுக்குச் சட்டைக் கை படபடவென்று அடித்தது. காற்று. ஆறு வருடத்தில் இந்த மேசைக்கு ஒரு நாளும் வராத காற்று.

“கமலாசனியக்கா, ஸ்டாண்ட் ஃபான் ஓடுதோ?”

“ஓம், தலைவர் வந்திருக்கிறாரெல்லே,” என்றாள் தேத்தண்ணியும் கூட்டுதலும் பார்க்கிற கமலாசனி. “வந்த நேரமே போட்டுவிட்டனான்.”

“எந்தப் பக்கம் பாத்து நிக்குது?”

“தலைவரைப் பாத்து.”

“தலைவர் எங்க இருக்கிறார்?”

“உன்ர மேசைக்கு அங்கால.”

இடையில் பக்கத் தகடு திறந்த கம்பியூட்டர். நிரோஜன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஸ்டாண்ட் ஃபான் இரண்டு ஹீட்சிங்குக்கும் சேர்த்துக் காற்றடித்திருக்கிறது, அதன் இரைச்சலைத்தான் கைத்தொலைபேசி இரண்டு தரமும் அளந்திருக்கிறது.

“அதை நிப்பாட்டுங்கோ அக்கா.”

கமலாசனி நிறுத்தினாள். ஒரு நிமிடம் போகவில்லை, தலைவர் லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைக்கக் கண்டவள் தன்னையறியாமல் போய்த் திரும்பவும் போட்டுவிட்டாள். “ஆளை வேர்க்க விடலாமோ,” என்று முணுமுணுத்தாள். கஜனி எழும்பினாள். சுவரைத் தடவிக்கொண்டு போய் பிளக்கைப் பிடுங்கினாள். வயரைக் கையில் சுற்றி, ஸ்டாண்ட் ஃபானையும் இழுத்துக்கொண்டு வந்து தன் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வயரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சித்திரை வெயிலில் தகரம் மேலே நின்று காய்ச்சியது.

“இப்ப ஓடட்டும் நிரோஜன். ஐயா, நீங்கள் இந்தப் பக்கம் வந்து இருங்கோ. என்னட்டை வாற சனம் மாதிரி ஒரு கடிதம் சொல்லுங்கோ, அடிக்கிறன். அதுவும் சோதனைதானே.”

தலைவருக்கு விருப்பமில்லை. ஆனால் விறாந்தையில் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. வந்து இருந்தார். கனடா ஃபான் ஓட ஓட உரத்தது, சீறத் தொடங்கியது. அவர் சொன்னது, புது ஆளை எடுக்க நிருவாக சபைக்கு எழுதுகிற கடிதம். இவளைக் கொண்டே இவளுடைய கதிரைக்கு ஆள் எடுக்கிறார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொல்லவைத்தாள். பொய்க்கு அல்ல, உண்மையாகவே கேட்கவில்லை.

“எடுக்கிற ஆள் சபையில உள்ள ஆருக்கும் சொந்தமோ எண்டு எழுதவேணும் ஐயா. எங்கட சட்டத்தில இருக்கு. யதுர்ஷிகா உங்களுக்குச் சொந்தமோ?”

அவர் ஏதோ சொன்னார்.

“கேக்கேல்லை ஐயா.”

திரும்பவும் ஏதோ வாய்க்குள் சொன்னார். வேர்வை மேசையில் சொட்டியது, அவளுடைய விரலிலும் ஒரு துளி பட்டது.

“இன்னும் கேக்கேல்லை. கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ.”

“என்ர தங்கச்சியின்ர மகள்! தங்கச்சியின்ர மகள் எண்டு எத்தினை தரமடி சொல்லுறது?”

விறாந்தையில் கதை பட்டென்று நின்றது. வட்டக்கச்சியில் இருந்து காணிக் கடிதத்துக்கு வந்திருந்த ஏரம்பு, “ஓகோ,” என்று மட்டும் சொன்னார்.

நிரோஜன் கைத்தொலைபேசியைப் பார்த்தான். “எண்பத்தாறு பாகை. அறுபது டெசிபல், அதுவும் இந்தச் சின்ன ஃபான் தனிய,” என்றான். “என்ர ஹீட்சிங்கை இதே மாதிரிப் பூட்டிப் பாப்பம்.” கம்பியூட்டரை நிறுத்தினான். பிறகு அவன் திருகாணி கழற்றுகிற சத்தம்கூட எல்லாருக்கும் கேட்டது.

“கமலாசனி, அந்த ஃபானைப் போடும்,” என்றார் தலைவர். குரல் இறங்கியிருந்தது.

கமலாசனி கஜனியின் மடியில் இருந்த வயரைப் பார்த்தாள். அசையவில்லை.

“புனிதமக்காவும் ஐயா இருக்கிற இந்தக் கதிரையில இருந்துதான் கத்தினவா,” என்றாள் கஜனி. இப்போது அவள் மெல்லமாகத்தான் சொன்னாள், விறாந்தைக் கடைசிவரை கேட்டது. “அவவுக்கு ஃபான் போட ஒருத்தரும் எழும்பேல்லை.”